பெலாங்கிக்கு ஊட்டிய கை

என் கணவர் தம்புசாமி இருபத்தொன்பது வருடம் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கு லோரி ஓட்டியவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அதிலும் ஒன்றரை நாள் தூங்குவார். ஓய்வு பெற்றதும் மனிதர் என்னோடு உட்கார்ந்து சூடாக நாலு தோசை தின்பார், சாயங்காலம் இரண்டு பேருமாகப் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போவோம் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். கடைசி நாள் வேலை முடிந்து வந்தவரோடு என் தோள் உயரத்துக்கு ஒரு கூண்டும் வந்து இறங்கியது.

உள்ளே நீலமும் மஞ்சளுமாக ஒரு பஞ்சவர்ணக் கிளி. அலகிலிருந்து வால் நுனிவரை மூன்றடி இருக்கும். அவருடைய முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடிபோகிறாராம், இதை அங்கே கொண்டுபோக முடியாதாம். பெயர் பெலாங்கி. மலாயில் வானவில்.

"பதினோரு வயசுதான் ஆவுது புஷ்பா. இன்னும் நாப்பது வருசம் இருக்கும்லா," என்றார் பெருமையாக.

அவருக்கு வயது அறுபது. அவர் காலத்துக்குப் பிறகு இதை யார் பார்ப்பது என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி கூண்டைத் துடைக்கப் போய்விட்டார்.

வந்த வாரமே டிவி ரிமோட் போயிற்று. பிறகு சமையலறைக் கதவின் சட்டம். குழம்புக்குப் போடும் புவா கெராஸ் கொட்டையை நான் உரலில் போட்டு இடிக்க வேண்டும். அது அலகில் வைத்து ஒரே கடியில் உடைக்கும். அந்த அலகு வீட்டுக்குள் சுதந்திரமாக நடமாடியது. சாயங்காலம் விளக்கேற்றும் நேரம் பார்த்துக் கத்த ஆரம்பித்தால் எங்கள் தாமானில், குடியிருப்பின் கடைசி வீடுவரை கேட்கும். கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அடுத்த வாரம் பாக்கலாம்."

எங்களில் பாசம் என்றால் ஊட்டுவதுதான். குழந்தைக்கும் ஒரு வாய், காய்ச்சல்காரருக்கும் ஒரு வாய், கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வாய். இவர் பெலாங்கிக்குப் பருப்புச் சோற்றை உருட்டி உருட்டி ஊட்டினார். முறுக்கைத் தன் பல்லால் கடித்து, உதட்டில் வைத்தே நீட்டினார். கழுத்திலிருந்து வால்வரை தடவிக் கொடுத்தார். கல்யாணத்தன்று எனக்கு ஒரு துண்டு வாழைப்பழம் ஊட்டச் சொன்னதற்கு வெட்கப்பட்டுக் கையில் கொடுத்த மனிதர் இவர். பொறாமையா என்று கேட்டால், ஆமாம். வயிறு எரிந்தது.

அந்தக் கிளிக்கும் என்னைப் பிடிக்கவில்லை. அவருக்குக் காப்பி கொண்டுபோனால் சிறகை விரித்துக்கொண்டு என் மேல் பாயும். அது வந்த மூன்றாம் வருடம், ஒருநாள் அவர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தேன். தோட்டைப் பிடித்து இழுத்துக் காதைக் கிழித்துவிட்டது. மூன்று தையல்.

"நீ என்ன செஞ்ச அத?" என்று கேட்டார் என் கணவர்.

அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எங்கள் ஒரே மகள் தாமரை அப்போது ஏழு மாதம். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. முப்பது நாள் மகளை என் கையால் குளிப்பாட்டி, பத்தியம் சமைத்துப் போட வேண்டும் என்று மருந்துச் சாமான், கருவாடு, மஞ்சள் எல்லாம் டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கி வைத்திருந்தேன். இந்தக் கைக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய ஆசை இருந்ததில்லை. என் காதைப் பார்த்ததும் தாமரை சொல்லிவிட்டாள்.

"ம்மா, அந்தக் கிளி இருக்கற வீட்டுக்கு நான் பேபியத் தூக்கிட்டு வரமாட்டேன். ஜெஞ்சாரோம்ல மாமியார் வீட்டுலயே இருந்துக்கறேன்."

நான் கத்திய கத்தலில்தான் இவர் கூண்டைக் காரில் ஏற்றினார். பிரிக்பீல்ட்ஸில் பறவைகளைப் பார்க்கிற டாக்டர் செரீனாவிடம் போனோம். சின்னப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், ஜோடிப் பறவைங்கதான் இப்படி ஒண்ணுக்கொண்ணு ஊட்டும், முதுகு தடவும். நீங்கதான் ஜோடின்னு அது முடிவு பண்ணிருச்சு. ஆன்டி நடுவுல வந்த ஆளு."

முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய எனக்கு அந்தப் பட்டம்.

அவர் இனி ஊட்டக்கூடாது, தடவக்கூடாது. வேறு ஒருவர் சாப்பாடு வைக்க வேண்டும். "கிண்ணத்துல மட்டும் வைங்க ஆன்டி. பசிச்சா தின்னும். கையில குடுத்துறாதீங்க," என்று இரண்டு தடவை சொன்னாள். பொறுமையாக இருந்தால் இரண்டு மாதத்தில் வழிக்கு வருமாம். பிரசவத்துக்கும் சரியாக இரண்டு மாதம் இருந்தது. நானே வைக்கிறேன் என்றேன்.

முதல் நாள் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் தன் மார்பு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. அது தின்னும் இடத்தில் அவர் நிற்கவும் மாட்டாமல், பார்க்கவும் மாட்டாமல் வாசலில் போய் நின்றார். நான் சமைக்கிற வீட்டில் ஒரு உயிர் பட்டினி கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. என் காதைக் கிழித்த உயிர்தான், இருந்தாலும். நாலாம் நாள் அவர் கடைக்குப் போன நேரத்தில் பருப்புச் சோற்றை உருட்டி நீட்டினேன். ஒரு வாய்தான் என்று நினைத்தேன். அது என் விரலைத் தொடாமல், அவ்வளவு பக்குவமாக வாங்கிக்கொண்டது.

அப்புறம் தினமும் ஒரு வாய். பத்து வாய். கழுத்தைக் குனிந்து கொடுத்தால் தடவாமல் எப்படி இருப்பது? கத்தல் நின்றது. என் தோளில் ஏறி உட்கார்ந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று தாமரைக்குப் போன் போட்டுச் சொன்னேன். பெட்டியைக் கட்டு என்றேன்.

தாமரைக்கு ஒன்பதாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்ன ஞானம் வந்ததோ, என் கணவர் தானே டீ கலக்கி எனக்குக் கொண்டுவந்தார். பெலாங்கி என் தோளிலிருந்து பறந்து போய் அவர் கையைக் கடித்தது. கோப்பை உடைந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அவர் என்னைப் பார்த்தார்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "ஆன்டி, கையில குடுத்தீங்களா?" என்றாள்.

"இல்லம்மா, கிண்ணத்துலதான்," என்றேன்.

தாமரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பாவின் கைக்கட்டைப் பார்த்தவள், நேரே ஜெஞ்சாரோமுக்குப் போய்விட்டாள். நான் ஒருநாள் போய்ப் பாதி நாள் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் பெலாங்கியின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை, கூண்டுத் தட்டெல்லாம் நீலமும் மஞ்சளும். அதற்குப் பிறகு நான் பத்தியம் சமைப்பேன், கைக்கட்டோடு அவர் தூக்குச்சட்டியில் கொண்டுபோவார். நான் வாங்கி வைத்த மஞ்சளைப் பூசிக் குளிப்பாட்டுவது சம்பந்தியம்மா. என் மகளுக்குச் சோறு போடுவதும் அவர்கள்தான். நல்லவர்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

பன்னிரண்டாம் நாள் தாமரை வீடியோவில் கூப்பிட்டாள். குழந்தையின் முகத்தைக் காட்டினாள். என் மூக்கு அப்படியே. நான் வாயைத் திறந்து கொஞ்சுவதற்குள் பெலாங்கி தோளிலிருந்து ஒரு கத்துக் கத்தியது. அங்கே குழந்தை வீரிட்டு அழுதது.

"அப்புறம் பேசறேன்மா," என்று தாமரை வைத்துவிட்டாள்.

என் கணவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெலாங்கிக்கு எட்டாத தூரத்தில் நின்றபடியே சொன்னார். "சாலாக் செலாத்தான்ல ஒருத்தர் பெரிய கூண்டு கட்டி நாலஞ்சு வளக்கறாராம். நல்லாப் பாத்துக்குவாராம். நான் பேசிட்டேன் புஷ்பா. நாளைக்கே கொண்டு போயி விட்டுறவா? நீயும் பிள்ளையப் போயிப் பாரு."

மூன்று வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. பெலாங்கி கழுத்தை நீட்டி என் கையைப் பார்த்தது. சோறு பிசைந்த கை, இன்னும் கழுவவில்லை.

"அடுத்த வாரம் பாக்கலாம்," என்றேன்.