குஸ்ரினி போட்ட இரண்டு நட்சத்திரம்

சோலோ நகரத்து நாளிதழ் ஒன்றில் குஸ்ரினி இருபது வருடமாக சினிமா விமர்சனம் எழுதுகிறாள். ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று போடுவது அவள் வேலை. அதை மதித்து அவள் தெருவில் ஒருவரும் படத்துக்குப் போனதில்லை. அவள் ஒன்று போட்ட பேய்ப் படத்துக்குத் தெருவே திரண்டு போகும். நாலரை போட்ட படத்துக்கு அவளும் அவள் கணவர் பிரியோனோவும் மட்டும் போய் உட்கார்ந்திருப்பார்கள். "உனக்குப் புடிக்கலைன்னா படம் நல்லாத்தான் இருக்கும்டி" என்பாள் எதிர்வீட்டுத் துமிரா. இத்தனை வருடத்தில் அதற்காக யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை.

இந்த முறையும் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் குஸ்ரினியைத் தூங்கவிடவில்லை.

அதே தெருவில் வளர்ந்த ஒரு பையன் படம் எடுத்திருந்தான். தெருவில்தான் படப்பிடிப்பு, தெருக்காரர்கள்தான் நடிகர்கள். பத்திரிகைக்காரர்களுக்குத் திரையிட்டபோது பார்த்துவிட்டு வந்து குஸ்ரினி இரண்டு நட்சத்திரம் போட்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'ஒரு கிழவர் வண்டிக்கடையில் இஞ்சித் தேநீர் குடிக்கிறார். நான்கு நிமிடம் குடிக்கிறார். கதைக்கு எந்த உதவியும் இல்லை. வெட்டியிருந்தால் படம் பிழைத்திருக்கும்' என்றும் எழுதினாள்.

அந்தக் கிழவர் துமிராவின் கணவர் சார்ஜு. படப்பிடிப்பு முடிந்த கையோடு நோயில் படுத்தவர், எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். குஸ்ரினிக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்த முகம் என்பதற்காக ஒரு காட்சியை விட்டுவைத்தால் அப்புறம் நட்சத்திரத்துக்கு என்ன மரியாதை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்துக்கு ஆயுசு இரண்டு நாள்.

விமர்சனம் வந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை மாலை பூப்பந்து மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டித் தெருவுக்குப் படம் காட்டினார்கள். வண்டிக்கடைக் காட்சி வந்ததும் அத்தனை பேரும் அடங்கிப்போனார்கள். சார்ஜு தேநீரை ஊதினார், உறிஞ்சினார், மறுபடி ஊதினார். முன் வரிசையில் துமிரா ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குஸ்ரினியைச் சுற்றி மூக்கு உறிஞ்சும் சத்தம். படம் முடிந்ததும் துண்டுச் சீட்டு கொடுத்து மதிப்பெண் கேட்டார்கள். ஐந்து, ஐந்து, ஐந்து என்று எழுதிப் போட்டார்கள் எல்லோரும். குஸ்ரினி தன் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது துமிரா அவள் கையைப் பிடித்தாள். "படிச்சேன் இபு. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

நேற்று வரை 'வாடி, போடி' என்றவள் இன்று 'நீங்க' போட்டு, 'இபு' என்று மேடம் கணக்காகக் கூப்பிடுகிறாள். குஸ்ரினிக்குப் பயம் வந்தது.

காரணம் உண்டு. பன்னிரண்டு நாளில் அவள் மகள் லாரஸுக்குக் கல்யாணம். அந்த ஊரில் கல்யாணச் சமையல் தெருப் பெண்களுடையது. மூன்று நாள் முன்னாலேயே ஆளுக்கொரு கத்தியோடு வந்து கொல்லையில் உட்கார்ந்துவிடுவார்கள். ரெவாங் என்று அதற்குப் பெயர். அவர்களுக்குத் தலைவி துமிரா. அவள் வந்தால் தெருவே வரும். வராவிட்டால் ஒரு குஞ்சும் வராது. வராததற்கு யாரும் உண்மைக் காரணம் சொல்லமாட்டார்கள், அத்தனை மரியாதை. முட்டிவலி, பேரனுக்குக் காய்ச்சல் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சம்பந்தி வீட்டார் வந்து காலிக் கொல்லையைப் பார்ப்பார்கள்.

"காசு குடுத்து ஆள் வச்சிக்கலாமே?" என்றார் பிரியோனோ.

"வச்சிட்டு? நமக்கு மனுசங்களே இல்லன்னு ஊருக்கு நாமளே தண்டோரா போடணுமா?"

"அப்ப போய் மன்னிப்புக் கேளு."

"என்னன்னு கேக்கறது? எழுதுனது பொய்யின்னா?"

குஸ்ரினி மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கல்யாணத்துக்கு மறுபடி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அழைத்தாள். எல்லோரும் "வர்றோம் இபு" என்றார்கள். ஒருத்தியாவது முகத்தைச் சுளித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

ரெவாங் நாளும் வந்தது. காலை ஆறு மணிக்கு ஒருவரும் இல்லை. ஆறரைக்கும் இல்லை. குஸ்ரினி வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். லாரஸ் அம்மாவை நேராகப் பார்க்கவில்லை. ஏழுக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. துமிரா கத்தியோடு வந்தாள். அவள் பின்னால் தெருவே வந்தது.

வந்தவர்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். ஆனால் வழக்கமான கேலி இல்லை, வம்பு இல்லை. பதினோரு மணிக்கு ஓபோர் கொதித்தது. தேங்காய்ப்பாலில் வேகும் கோழிக் குழம்பு அது, துமிராவின் கைமணம் தெரிவது அதில்தான். அவள் ஒரு கரண்டி எடுத்து ஊதி, குஸ்ரினியின் உள்ளங்கையில் ஊற்றினாள்.

"சொல்லுங்க இபு. எத்தன நட்சத்திரம்?"

கத்திகள் நின்றன. குஸ்ரினி நக்கிப் பார்த்தாள். மருந்துக்குக்கூட உப்பில்லை. சம்பந்தி வீடு, காலிக் கொல்லை, லாரஸின் முகம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து போயின.

"அஞ்சுக்கா. அஞ்சுக்கு அஞ்சு."

துமிரா கரண்டியைத் தட்டில் வைத்தாள். "நான் இன்னும் உப்பே போடலடி."

துமிரா குஸ்ரினிக்கு நேராக நிமிர்ந்து நின்றாள்.

"செத்துப்போன மனுசனுக்கு ரெண்டு. உப்பில்லாத கொழம்புக்கு அஞ்சா? உசுரோட எதிர்ல நிக்கறவகிட்டதான் உனக்குப் பயமா?"

"பயந்தான்க்கா." குஸ்ரினி அவள் கையைப் பிடித்தாள். "நீங்கள்லாம் எந்திரிச்சுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"எங்கடி போவேன்? லாரஸு பொறந்தன்னிக்கு வெந்நி வச்சவ நான்." துமிரா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காட்சி நீளந்தான். எனக்கும் தெரியும். அவரு கிளாஸ கீழ வச்சாரு பாரு, அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இன்னொரு கிளாஸ் குடுக்கக் கூடாதான்னு."

குஸ்ரினி வாய்விட்டு அழுதாள். இந்த இருபது வருடத்தில் எந்தப் படத்துக்கும் அப்படி அழுததில்லை.

"போதும். உப்ப எங்க வச்சிருக்க?"

எடுத்துக் கொடுத்தாள். துமிரா போட்டுக் கலக்கி, மறுபடி அவள் கையில் ஊற்றினாள். குஸ்ரினி அவள் முகத்தைப் பார்த்தபடியே நக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் போடணும்க்கா."

துமிரா ஒரு சிட்டிகை போட்டாள்.