இரண்டு மூடி, நாலு கால்

பச்சை விளக்கு விழுந்து அரை நிமிஷம் ஆகிவிட்டது. பின்னால் நிற்கிற வண்டிகளெல்லாம் ஹாரனை அலறவிடுகின்றன. முன்னால் நிற்கிற மோட்டார் சைக்கிள்காரர் மட்டும் நகர்கிற வழியாக இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்து, தார் மேல் கிடக்கிற ஒரு நட்டைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பொறுக்கியதை ஊதித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திட்டுகிறவரைத் திரும்பிப் பார்த்து விளக்கம் வேறு சொல்கிறார்: "நல்ல நட்டு சார். ஆகும்."

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'ஆகும்'. லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. அவர் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத வீட்டின் இரண்டாம் மாடி. வயது ஐம்பத்தாறு, ஒல்லி உடம்பு, பொறுக்கிய சாமான்களின் கனத்தில் சட்டையின் இடது பை எப்போதும் ஒரு விரற்கடை இறங்கித்தான் நிற்கும். சந்தோஷம் வந்துவிட்டால் உள்ளங்கை இரண்டையும் பரபரவென்று தேய்ப்பார். பேச்சு பாதிப் பாதியாக விழும். "அதாவது... இந்தா... இப்படி... புரியுதா?" என்பார். எதிரில் நிற்பவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அவருக்குள் ஏதோ கொதித்துக் கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிடும்.

லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் அவர் செய்யும் முதல் காரியம் கதவோரம் வாயை வைத்துப் பேசுவதுதான். "பயப்படாதீங்க. அது கீழ விழாது. விழற மாதிரி யாரும் செய்யல." அப்புறம் கை வேலையைப் பார்க்க, வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். சென்ற ஆறு மாதத்தில் அப்படி மாட்டிக்கொண்ட அத்தனை பேரும், வேண்டியோ வேண்டாமலோ, ஒரு மேசையின் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். ஒருவர் வெளியே வந்ததும் வராததுமாக, "கால் எப்படி மாட்டப் போறீங்க?" என்று கேட்டாராம்.

அந்த மேசையின் கதை அவர் வண்டியிலிருந்து தொடங்குகிறது. வண்டியின் இரண்டு பக்கமும் இரண்டு அலுமினியப் பெட்டிகள். வேலை நாளில் அவற்றில் ஸ்பானர், கிரீஸ் டப்பா, பழைய துணி. லீவு நாளில் அதே பெட்டிகளில் சின்ன அடுப்பு, கெட்டில், அவித்த முட்டை, ஒரு விரிப்பு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவரும் மனைவியும் கிளம்பிவிடுவார்கள். எங்கே என்பதெல்லாம் முக்கியமில்லை. தண்ணீர் தெரிய வேண்டும், பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் பெட்டிகளை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஆனாலும் அந்த அம்மாள் முட்டையை முகர்ந்து பார்த்து, "லிஃப்ட் வாசனை அடிக்குது" என்று சொல்லாமல் விட்டதில்லை. சொல்லிவிட்டு இரண்டு முட்டை சாப்பிடுவார்.

அந்த அம்மாள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற இடத்தில் துணி வெட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷம் நின்றபடியே கத்தரி பிடித்ததில் இடது முழங்கால் தேய்ந்து, கடைசியில் மூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அறுவை நன்றாக முடிந்தது. நடக்கிறார், படி ஏறுகிறார், எட்டு மாதம் கழித்து வண்டியில் பின்னால் உட்காரவும் டாக்டர் சம்மதித்துவிட்டார். ஒன்றே ஒன்றுதான் கூடாது: தரையில் உட்காருவது. ஒரு சொந்தக்காரர் வீட்டில் அசந்து மறந்து உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல், கூட்டத்துக்கு நடுவில் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "மூட்டை மாதிரி தூக்கினாங்க."

அடுத்த லீவுக்கு அவர் பெட்டியைக் கழுவ ஆரம்பித்ததும், "நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க" என்றுவிட்டார் மனைவி.

"ஏம்மா?"

"அங்க நான் நின்னுக்கிட்டே திங்கணுமா, குதிரை மாதிரி?"

அவர் தனியாகப் போனார். மத்தியானத்துக்குள் திரும்பியும் வந்துவிட்டார். பெட்டியைத் திறந்தால் முட்டை வைத்தது வைத்தபடி இருந்தது.

அன்றைக்குப் பிடித்தது மேசைப் பைத்தியம். கடையில் மடக்கு மேசை விற்கத்தான் செய்கிறது. போய்ப் பார்த்தார். மடக்கினாலும் முக்கால் ஆள் நீளம். அதைப் பின்னால் கட்டினால் மனைவி உட்கார இடமில்லை. குறுக்கே கட்டினால் சாலையில் போகிறவர்களுக்கு அடி நிச்சயம். "பெட்டியே மேசை ஆகணும். வேற வழியில்ல" என்று தீர்மானித்துவிட்டார்.

முதல் மேசையைப் பெட்டியின் வெளிப்பக்கத்திலேயே கீல் வைத்துத் தொங்கவிட்டார். இறக்கி, சங்கிலி மாட்டினால் ரயில் படுக்கை மாதிரி நிற்கும். வேலைக்குப் போன ஒரு கட்டடத்தின் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் வைத்து, காவலாளியைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, மேலே ஒரு டம்ளர் டீயை வைத்தார். பக்க ஸ்டாண்டில் நிற்கிற வண்டி சாய்ந்துதானே நிற்கும்? மேசையும் சாய்ந்தது. டம்ளர் அவசரமே படாமல், மரியாதையாக நகர்ந்து வந்து, காவலாளியின் காலணியில் கவிழ்ந்தது.

"மேசை நல்லாத்தான் சார் இருக்கு" என்றார் காவலாளி, காலை உதறிக்கொண்டே. "சாமான்தான் நிக்க மாட்டேங்குது."

ஸ்டாண்டுக்குக் கீழே செங்கல் வைத்து வண்டியை நிமிர்த்தினார். வண்டி மறுபக்கம் சாய்ந்தது. பிடிக்கப் போய்த் தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது.

இரண்டாவது மேசைதான் பாதி வழி வந்தது. பெட்டி மூடிகளின் கீலில் இருந்த கம்பியை உருவிவிட்டு, இழுத்தால் வெளியே வருகிற கொக்கி ஊசியைப் போட்டார். இப்போது மூடிகள் தனியே கழன்று வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் இரண்டு சின்னத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினால், இரண்டு தட்டும் ஒரு கெட்டிலும் வைக்கத் தாராளமான பலகை. மூடி போன பெட்டியில் ஒன்றைக் கவிழ்த்து, மேலே போர்வையை மடித்துப் போட்டால், முழங்காலுக்கு டாக்டர் சொன்ன உயரத்தில் ஆசனம். கைகளைத் தேய்த்த தேய்ப்பில் நெருப்புப் பற்றாததுதான் பாக்கி. ஆனால் கால்? மரக்கால் நாலு செய்து மாட்டினார். வீட்டுத் தரையில் மலை மாதிரி நின்றது. பக்கத்து மைதானத்தில் கொண்டுபோய் வைத்தால் மூன்று கால் மண்ணில், ஒரு கால் அந்தரத்தில். கல்லை வைத்தால் அடுத்த கால் தூக்கிக்கொண்டது. "தரை பூரா கோணல்" என்று பூமியையே குறை சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "எனக்காக எதுக்கு இந்தப் பாடு? விடுங்களேன்" என்று ஒருநாள் சொன்னார். விடுகிற ஆளாக இருந்தால் பச்சை விளக்கில் நட்டுப் பொறுக்குவாரா?

விடை ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்ட்டுக்குள்ளிருந்து வந்தது. ஒரு பழைய கட்டடத்தில், நாலாவது மாடிக்கு அரையடி மேலே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே வாக்கர் பிடித்து நடக்கிற ஒரு பெரியவர். கதவைத் திறந்தாகிவிட்டது, ஆனால் அரையடி பள்ளத்தில் வாக்கரோடு எப்படி இறங்குவது? "தூக்கி விடட்டுமா சார்?" என்று இவர் கை நீட்டினார்.

"தூக்கற வேலையெல்லாம் வேணாம். முன்னங்கால் ரெண்டையும் இறக்கி விடுங்க. அந்த பட்டனை அமுக்குங்க" என்றார் பெரியவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

குழாயில் துருத்திக்கொண்டிருந்த குமிழை இவர் அமுக்கினார். உள்குழாய் சர்ரென்று இறங்கி, நாலு ஓட்டை தள்ளி, டிக்கென்று உட்கார்ந்தது. இன்னொரு கால். இன்னொரு டிக். முன்னங்கால் இரண்டும் பள்ளத்தில், பின்னங்கால் இரண்டும் மேட்டில். வாக்கரின் கைப்பிடி மட்டம் தப்பாமல் நின்றது. பெரியவர் மகாராஜா போல இறங்கி வந்தார்.

இவர் மட்டும் அங்கேயே குந்திக்கொண்டு அந்த ரப்பர் பூண் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேட்டுக்கு மேடு... பள்ளத்துக்குப் பள்ளம்... ஐயோ, நாலு காலும் தனித்தனியா!" என்று கத்தியதில் பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, மறுபடி ஏதாவது போச்சா?"

"போகல சார். வந்துடுச்சு!"

வீட்டுக்கு வந்து இரண்டிரண்டு படியாக ஏறினார். வாசலுக்கு வந்ததும்தான் கால் தயங்கியது. அதே மாதிரி வாக்கர் ஒன்று அவர் வீட்டிலும் இருந்தது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. அது இல்லாமல் நடக்க ஆரம்பித்த அன்றைக்கு மனைவியே போர்த்தினது. அதன் பெயரைக்கூட அந்த அம்மாள் சொல்லமாட்டார், 'அது' என்பார். உலகத்தில் கிடக்கிற எல்லாவற்றையும் பார்த்து 'ஆகும்' என்கிற மனுஷன், அதைப் பார்த்து மட்டும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"மொதல்ல ஹெல்மெட்டைக் கழட்டுங்க. அப்புறம் கேளுங்க."

கழற்றினார். கேட்டார். பாதிப் பாதியாகத்தான் வந்தது. "அந்தக் காலு... பட்டன்... டிக்... மேசைக்கு... வேணாம்னா வேணாம்மா. உனக்கு மறுபடி எப்பவாவது தேவைப்பட்டா—"

மனைவி உள்ளே போனார். விரிப்பை உருவுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் வாக்கரை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசைமேல் படுக்கப் போட்டார்.

"எங்க வெட்டணும்? கோடு போடுங்க."

"நான் வெட்டறேன். நீ பிடிச்சுக்க, போதும்."

"கோடு போடறது உங்க வேலை. வெட்டறது என் தொழில். ரம்பத்தைக் குடுங்க."

அலுமினியம் துணி இல்லை. முதல் காலுக்கே நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இழுத்து இழுத்து அறுத்தார். குழாய் டங்கென்று தரையில் விழுந்து உருண்டது. "ஒண்ணு ஒழிஞ்சுது" என்றார். இரண்டாவது விழுந்தபோது பல்லைக் கடித்திருந்தார். மூன்றாவதுக்குச் சிரித்துவிட்டார். நாலாவதை இவர் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. லிஃப்ட்டுக்குள் கைப்பிடிக் குழாயைச் சுவரோடு பிடிக்கிற வட்டப் பூண்கள், ஏதோ ஒரு பழைய லிஃப்ட்டிலிருந்து கழற்றினவை, நாலு அவரிடம் இருந்தன. அவற்றை மூடிகளின் அடியில் மூலைக்கு ஒன்றாக ரிவெட் அடித்தார். கால்கள் அதில் சொருகித் திருகினால் அசையவில்லை. கழற்றி, உள்குழாயை வெளிக்குழாய்க்குள் தள்ளிவிட்டால், முழங்கை நீளம்கூட இல்லை. நாலும் கெட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டன. பத்து நாளில் முடிந்தது. வருகிறாயா என்று மனைவியை அவர் கேட்கவில்லை, கேட்கப் பயம். ஆனால் லீவுக்கு முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படியில் எட்டிப் பார்த்தபோது, முட்டை வெந்துகொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தார். நாலு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்தார்கள். வேண்டுமென்றே படுமோசமான இடமாகப் பார்த்து நிறுத்தினார்: சரளைக்கல், சரிவு, நடுவில் ஒரு வேர். "எடுத்த எடுப்புல இங்கயா?" என்றார் மனைவி. "இங்க நின்னா எங்கயும் நிக்கும்!" இடது பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். போர்வையைப் போட்டார். மூடிகளை உருவித் தாழ்ப்பாள் போட்டார். கால்களைச் சொருகினார். டிக், டிக், டிக். வேர் மேல் நின்ற காலுக்கு மட்டும் இன்னொரு டிக். தட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாமல், மேகத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"பிரிச்சு மாட்ட மூணே நிமிஷம்!" என்று கத்தினார். கரையில் மீன் பார்த்துக்கொண்டிருந்த பறவை ஒன்று எழுந்து போய்விட்டது.

மனைவி உட்கார்ந்தார். யார் கையையும் பிடிக்கவில்லை. எழுந்து பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். சும்மாவே இன்னொரு தடவை எழுந்து உட்கார்ந்தார்.

காரில் வந்த ஒரு தம்பதி இறங்கி நடந்து வந்தார்கள். அந்தப் பெண் மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கே. எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "அதாவது... இந்த மூடி... அந்தக் கால்..." என்று ஆரம்பிப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"வாங்கலம்மா. இது என் வாக்கர். நானே வெட்டினது."

அவர்கள் போன பிறகு டீ கொதித்தது. ரொட்டி, முட்டை, உப்பு, மிளகு எல்லாம் மேசைக்கு வந்தன. அவர் மட்டும் தட்டும் கையுமாக மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு வாய் தின்பார், குனிந்து அடியில் பார்ப்பார், ஒரு மூலையை அமுக்குவார், இன்னொரு வாய்.

"உக்காந்துதான் சாப்பிடுங்களேன். ஆறிப் போகுது."

"இதோ" என்று திரும்பினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு பெட்டியில் மனைவி உட்கார்ந்திருந்தார். இன்னொரு பெட்டி அடுப்புச் சாமானை வைத்துக்கொண்டு வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் மெல்ல மெல்ல அசடு வழிந்தது.

"எனக்குன்னு ஒண்ணு... அதை யோசிக்கவே இல்லம்மா."

மனைவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு மேசை விளிம்பில் கையை அழுத்தி ஊன்றிக்கொண்டு, பெட்டியின் ஓரத்துக்கு நகர்ந்து, காலியான அந்த அரைப் பெட்டியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.