பிணைக்கு வந்த அம்மாவும் அப்பாவும்

தொலைபேசியில் நான் சொன்ன ஒரு பேச்சால்தான் அத்தனை கூத்தும் நடந்தது. அதனால் முதல் குட்டை என் தலையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

மாத்தளை மாவட்டத்தில் நான் நன்னடத்தை உத்தியோகத்தர். பொலிஸ் ஒரு பிள்ளையைப் பிடித்தால் போய் நின்று அந்தப் பிள்ளைக்காகப் பேசுவது என் வேலை. தேயிலைத் தோட்டங்களில் எனக்குப் பெயர் 'புரொபேஷன் மிஸ்'. வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான்.

அன்று சனிக்கிழமை. எல்கடுவைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளையை, பதினாறு வயது, பொலிஸ் நிலையத்தில் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. பதினோராம் வகுப்பின் சாதாரணதரப் பரீட்சைக்கு முன் டவுனில் கடைசி டியூஷன் வகுப்பு. பஸ் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் சாவி தொங்கியிருக்கிறது. தோழிகள் மூவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவள், மூன்றாவது வளைவில் தோட்டத்து உதவி நிர்வாகி சின்னத் துரையின் ஜீப்பில் போய் மோதிவிட்டாள். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஜீப்பின் கதவு மட்டும் நெளிந்துபோனது. துரை நேரே பொலிஸுக்குப் போய்விட்டார்.

பரீட்சை திங்கட்கிழமை காலை. அதற்குள் அவள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். நான் அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுவரிசைக்குப் போன் போட்டு, எடுத்தவரிடம் "அம்மா அப்பா யாராவது வந்து கையெழுத்துப் போட்டா விட்டுருவாங்க, சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு பஸ் ஏறினேன். அம்மாவும் அப்பாவும் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை.

நிலையத்தில் அவள் கணக்குக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "மிஸ், திங்கக்கிழமைக்குள்ள விட்டுருவாங்களா?" என்றாள். பொறுப்பதிகாரி புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர், நல்ல மனிதர். அவளுக்குப் பால்தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தார்.

அப்போது ஒரு ஆணும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். "நாங்கதான் சேர், புள்ளயோட அம்மா அப்பா."

அதிகாரி சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். எத்தனை பிள்ளைகள்?

"மூணு" என்றார் அவர்.

"நாலு சேர்" என்றாள் அவள்.

"நாலாவது எப்ப பொறந்துச்சு?"

"ஒங்களுக்கு வீட்டு நெனப்பு எங்க இருக்கு? அடுத்தவன் கோழியத் திங்கத்தானே நெனப்பு!"

"யாரு ஒன் கோழியத் தின்னது? ரெண்டு வருசமா இதே பேச்சு!"

வாங்கில் இருந்த பிள்ளை அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? தேவையே படவில்லை, அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. "இவங்க ரெண்டு பேரும் புருசன் பெண்சாதியா?" என்று அவரே உடைந்த தமிழில் கேட்டார்.

"ஐயோ மாதாவே! இந்த மனுசனக் கட்டுறதுக்கு நான் மடத்துல போய்ச் சேந்திருப்பேன் சேர்!"

அவர் பிள்ளை ஓட்டிய அந்த ஆட்டோவின் சொந்தக்காரர். அவள் அதே லயத்தில் பிள்ளைக்கு அடுத்த அறை, அடுத்த காம்பராக்காரி. கோழித் தகராறில் இரண்டு வருடமாக முகம் பார்க்காதவர்கள், பிள்ளைக்காக ஒரே வாடகை ஆட்டோவில் வந்திருந்தார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "யாரு ஒங்கள இங்க வந்து பொய் சொல்லச் சொன்னது?"

"நீங்கதானே மிஸ் அம்மா அப்பா வரணும்னீங்க? அவ அம்மா குவைத்துல. அப்பன் எங்கன்னே தெரியாது. நாங்க என்னதான் செய்ய?" என்றாள் கோழிக்காரி.

என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

பெற்றோர் இல்லையென்றால் நீதவானிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்றார் அதிகாரி. அங்கிருந்து வேறு மாவட்டத்துத் தடுப்பு இல்லம். பிள்ளையின் சிரிப்பு அப்படியே செத்தது.

பைக்குள் இருந்த சட்டப் புத்தகத்தை எடுத்து அவர் மேசையில் விரித்தேன். கொலை போன்ற பாரதூரமான குற்றம் இல்லையென்றால், பிணை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை விடுகிற அதிகாரம் பொறுப்பதிகாரிக்கே உண்டு. கையெழுத்துப் போடுகிறவர் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறவர் போதும். "கொலையா செய்தாள், சேர்? கதவைத்தானே நெளித்தாள்!" என்றேன். அவர் அந்த வரிகளை இரண்டு தரம் படித்தார். பிறகு பிள்ளையிடம் திரும்பினார்.

"காலையில ஒன்ன எழுப்பினது யாரு?"

"அத்தை."

"சோறு போடுறது?"

"அத்தைதான் சேர். வெளிய கேட் பக்கத்துல நிக்கிறாங்க. அம்மா இல்லன்னா விடமாட்டாங்கன்னு உள்ள வரப் பயப்படுறாங்க."

அப்பாவின் அக்கா அவர். கொழுந்து பறித்த கையோடு, சோற்றுப் பார்சலுடன் உள்ளே வந்தார். ஒன்பது வருடமாகப் பிள்ளையை வளர்ப்பவர். கூப்பிடும் நாளில் கூட்டிவருவேன் என்ற பிணையில் மெல்ல மெல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரை எழுதினார். அதிகாரி புன்னகையோடு, "பிள்ளையைக் கூட்டிப்போகலாம்" என்றார். பிள்ளை ஓடிவந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கோழிக்காரி ஆட்டோக்காரரின் தோளில் தட்டினாள். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, சிரித்தேன்.

வாசல்படியில் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சிங்களத்துல எழுதியிருக்கு மிஸ். என்னை யாருன்னு போட்டிருக்காங்க?"

"பிள்ளையின் பொறுப்பாளர்னு."

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் என்னக் கையெழுத்துப் போட விட்டதில்ல மிஸ். அம்மா வரட்டும்னுவாங்க. இப்ப பொலிஸுலயே போட்டுட்டேன், பாத்தீங்களா!"