கொடும்பாவிக்கு வைத்த கொள்ளி

குறும்புக்காரப் பையன் ஒருவன் தன் சின்ன ஊரையே ஆட்டிவைக்கிற அந்தப் பழைய நாவலை என் பேரன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே படித்து முடித்தான். தாத்தாவும் படிக்கட்டும் என்று என்னிடம் கொடுத்தான். பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். ஏமாற்றுகிற பையனை எல்லோருக்கும் பிடிக்கிறது. ஏமாந்தவன் வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு குறும்பன் எனக்கும் சிநேகிதனாக இருந்தான்.

அப்போது யுத்த காலம். திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர். கரிசல் காட்டில் பாதி அவன் வீட்டாருடையது. நாங்கள் வேதக்கோயில் தெருவில் இருந்த நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒன்று; ஊரில் வேதக்காரர்கள் என்பார்கள். அருப்புக்கோட்டைக்குப் பருத்தி ஏற்றிப்போகும் வண்டிக்காரர் கண்ணயர்ந்தால், மாடுகளை ஓசைப்படாமல் திருப்பிவிடுவோம். வண்டி வந்த வழியே ஊருக்குத் திரும்பிப் போகும். யோசனை அவனுடையது, மாட்டைப் பிடித்துத் திருப்புவது நான். அடியும் எனக்குத்தான் விழும். எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. பெரிய வீட்டுப் பையன் என் தோளில் கை போட்டு நடப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

என் அப்பா ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அங்கே குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றுபோயிற்று. தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். என் அப்பாவும் நடந்து வந்துகொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ரோட்டுக்குப் போய் பஸ்ஸுக்காக நிற்பேன். சிநேகிதனும் கூடவே நிற்பான். அப்பா இறங்காத பஸ் போனதும், “நாளைக்கி வந்துருவாகலே, வா” என்று என்னை வீட்டுக்குக் கூட்டிவருவான்.

அந்த வருஷம் மழை அடியோடு பொய்த்தது. ஊரில் கொடும்பாவி கட்டி இழுப்பதென்று முடிவாயிற்று. வைக்கோலில் ஒரு பொம்பளை உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துப்போய், மாரடித்து அழுது, கண்மாய்க்கரையில் கொளுத்துவார்கள். சாவு வீட்டைப் போலவே எல்லாம் நடக்கும். கொள்ளிச்சட்டி தூக்கி முன்னால் நடக்க ஒரு மகன் வேண்டும்.

“அதுக்கு எத்தனை பேரு அடிச்சுக்கிட்டாங்க தெரியுமா? உனக்காக நாந்தான் சண்டை போட்டு வாங்கிருக்கேன்” என்றான் சிநேகிதன்.

“நாங்க வேதக்காரவுகல்ல?”

“அதனால என்னலே? மழை எல்லாருக்குந்தான பெய்யுது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு என் பம்பரத்தைக் கொடுத்தேன். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. சாயங்காலம் இடுப்பில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, புகையும் சட்டியோடு ஊருக்கே முன்னால் நடந்தேன். ராஜா ஊர்வலம் போவதாகத்தான் எனக்கு நினைப்பு.

கண்மாய்க்கரையில் மாரடித்துக் களைத்த ஒரு பொம்பளை பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்: “வேதக்கார வீட்டுப் பிள்ளைய எதுக்கு இதுல இழுத்துவிட்டுருக்காக?”

“அப்பன் உசுரோட இருக்கிற பிள்ளை இந்தக் கொள்ளிய வைக்கலாமா? எவ விடுவா? இதுதான் தகப்பனில்லாப் பிள்ளை.”

அவர்கள் வேறு யாரையோ சொல்வதாக நினைத்துச் சுற்றிலும் பார்த்தேன். சட்டியோடு நின்றது நான் ஒருவன்தான். சிநேகிதனைத் தேடினேன். பக்கத்திலேயே நின்றான்.

“எங்கப்பா நடந்து வந்துக்கிட்டிருக்காகல்ல?”

அவன் தரையைப் பார்த்தான். “பர்மாவுலருந்து வீரசோழன் ஊருக்கு வந்த பாய் ஒருத்தரு உங்கம்மாகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு. உங்கப்பா வழியிலேயே காய்ச்சல்ல போயிட்டாகளாம். ஊருக்கே தெரியும்லே.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“பங்குனியிலேயே.”

பங்குனிக்குப் பிறகும் எத்தனையோ பஸ்ஸுக்கு என்னோடு வந்து நின்றிருக்கிறான். நாளைக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறான். கொள்ளியை வைக்க மாட்டேன் என்றேன். பின்னாலிருந்து பெரியவர்கள் பொழுது சாயுது, சீக்கிரம் வை என்று சத்தம் போட்டார்கள். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கொள்ளியை வைக்கோலில் வைத்து அழுத்தினான். அவனுக்கு அப்பா இருந்தார். அதனால் அவன் விரல் ஒன்றுகூடக் கொள்ளியில் படவில்லை, என் கையைத்தான் பிடித்திருந்தான். வைக்கோல் பற்றிக்கொண்டது. எல்லோரும் ஓவென்று அழுதார்கள். நிஜமாக அழுதவன் நான்தான்.

வயதானால் எல்லாம் ஆறிப்போகும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. அவனை இன்றும் வெறுக்கிறேன்.

ஈரத்துண்டோடு வீட்டுக்குள் நுழைந்த என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. திட்டுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று நின்றேன். இதெல்லாம் பொய், உங்கப்பா வருவாக என்று கத்துவாள் என்றும் நின்றேன். அவள் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் கல்லில் உட்காரவைத்தாள். குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிவந்து, கொள்ளி வைத்துவிட்டு வந்தவனுக்கு ஊற்றுவதுபோல் தலையோடு ஒரு செம்பு ஊற்றினாள்.

“அப்பா வருவாகளாம்மா?”

அம்மா இன்னொரு செம்பு மோந்து ஊற்றினாள்.