முட்டைக்கோஸ் வேனில் கடலுக்கு

என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தலை பின்னிவிடுகிறார் என்று சொன்னால் மலைமேல் எங்கள் ரிங்லெட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அந்த மனிதருடைய முரட்டுக் கையைப் பார்த்தவர்கள் எப்படி நம்புவார்கள்? நானும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சீப்பை எடுத்து நீட்டுவேன். ஆரம்பத்தில் அவர் பின்னிய பின்னல் பாசார் சந்தைக்குக் கட்டி அனுப்புகிற வெங்காயத்தாள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மூன்று கால் எடுக்கத் தெரியாமல் ஒரு காலைத் தொலைத்துவிட்டு, “உனக்கு முடி கொறஞ்சிப் போச்சு” என்று பழியை என் தலைமேல் போட்டார். போகப் போகக் கை பழகிவிட்டது.

எனக்கு விரல் மடங்காமல் போனதுதான் காரணம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தேயிலைத் தோட்டத்தில் வேலை. முதலில் விரலால் கிள்ளினோம், பிறகு கத்தரி கொடுத்தார்கள், அப்புறம் இரண்டு பேர் பிடிக்கிற மெஷின் வந்தது. எதைக் கொடுத்தாலும் காலையில் செடியெல்லாம் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரம் முழுவதும் என் விரல் கணுக்களில் போய்ச் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். வேலை செய்த காலத்தில் சும்மா இருந்த வலி, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும் வட்டியும் முதலுமாக வந்தது. மழை மாதங்களில் பனிமூட்டம் சமையல்கட்டு வரைக்கும் வந்துவிடும். அப்போது ரவிக்கைக் கொக்கி போட முடியாது, சீப்பைப் பிடிக்க முடியாது. கிளினிக்கில் மாத்திரை கொடுத்த டாக்டர், குளிர் இல்லாத இடத்துக்குப் போனால் நல்லது என்று சொன்னார். கீழே சமவெளியில், கிள்ளானில் இருக்கிற எங்கள் மகள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வாரம் தவறாமல் போன் பண்ணி, கீழே வந்துவிடுங்கள் என்பாள்.

அவள் சொல்வது சுலபம். என் வீட்டுக்காரருக்கு லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. பிளாஸ்டிக் கூரை போட்டுச் சாமந்தி வளர்க்கிறார், ஓரத்தில் முட்டைக்கோஸ், வெங்காயத்தாள். அணைத் தண்ணீரோடு சேறு வந்து பள்ளத்தாக்கையே மூடிய வருஷம், மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். செடி இருந்த இடம் தெரியாமல், கூரைக் கம்பத்தைக் கணக்கு வைத்துத் தோண்டித் தோண்டி அந்தத் தோட்டத்தை வெளியே எடுத்தார். டிசம்பரில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு வருகிற ஆள். மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போனாலே வேர்க்கிறது என்று பாதி வேலையில் திரும்பி வந்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என் பின்னலை முடித்து ரப்பர் போட்டுக்கொண்டே சொன்னார்:

“கொஞ்ச நாளு கீழ கடலோரமா சுத்திட்டு வருவோம். அந்தச் சூட்டுல ஒன் கை நல்லானா தோட்டத்த விட்டுட்டு எறங்கிடலாம். ஆகலன்னா இங்கயே இருந்துடுவோம். அதுக்கப்புறம் மக பேச்சு, டாக்டர் பேச்சு ஒன்னும் வேணாம் லா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்தை விடுகிற பேச்சு அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சரி என்று தலையை ஆட்டினேன். ஆனால் அந்த நிமிஷமே மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். கை நன்றாக ஆனாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, என் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும். என் விரலுக்காக இந்த மனிதரைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கிள்ளானில் ஒரு மாடி வீட்டில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பரில் கிளம்பினோம். தைப்பூசத்துக்கான பூ அப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்றார். குவாந்தான் பக்கம் போங்கள், கடல் அழகாக இருக்கும் என்றும் யோசனை சொன்னார். அந்த மாதத்தில் கிழக்குக் கரையில் மழையும் வெள்ளமும்தான் அழகாக இருக்கும். அவரும் எங்களைப் போலக் கடலைக் காலண்டரில் பார்த்தவர். நாங்கள் மேற்குப் பக்கம் இறங்கினோம். காய்கறி ஏற்றுகிற வேனைக் கழுவி, கூடைகளைக் கவிழ்த்துப் பலகை போட்டு, அதன்மேல் மெத்தையை விரித்தார். எத்தனை கழுவினாலும் முட்டைக்கோஸ் வாடை போகவில்லை. இரண்டு கம்பளி, ஸ்வெட்டர், சுடுதண்ணீர் பிளாஸ்க் எல்லாம் ஏற்றினார். கடற்கரையில் எவன் கம்பளி போர்த்துவான் என்று நானும் கேட்கவில்லை. எங்களுக்கு ராத்திரி என்றால் கம்பளிதான்.

தாப்பாவில் ஸ்வெட்டர்கள் கழன்றன. கடலோர லூமுட் பக்கம் போய்ச் சேர்ந்தபோது கம்பளிகளை மெத்தைக்கு அடியில் போட்டோம். அதற்குப் பிறகு கரையை ஒட்டியே தெற்கே வந்தோம். எங்கே கடல் தெரிகிறதோ அங்கே நிறுத்துவது, சோறு ஆக்குவது, தூங்குவது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் என் வீட்டுக்காரர் திரும்பிவிடுவார். இன்னொரு பழக்கமும் அவரை விடவில்லை. வேனை எங்கே நிறுத்தினாலும் இறங்கிப் போய் இரண்டு கல்லைத் தேடி எடுத்துவந்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். மேலே மேட்டுப் பாதையில் அது இல்லாமல் முடியாது. இங்கே தரை தோசைக்கல் மாதிரி கிடக்கிறது. கடற்கரைக்கு வந்தவர்கள் அவரையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வேன் எங்கே ஓடிவிடப் போகிறது என்று கேட்டேன். வண்டியை நம்பக்கூடாது என்றார்.

சூடு அவரைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. வேனின் பின்கதவைத் திறந்து காலை வெளியே நீட்டிக்கொண்டு படுப்பார். அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொள்வார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். காலையில் அவர் கண் மிளகாய்ப் பழமாக இருக்கும். தூங்கினீர்களா என்று கேட்டால், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன் என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பொய்யில் நான் கெட்டிக்காரி. செகிஞ்சான் பக்கத்தில் ஒருநாள் காலையில் பிளாஸ்க்கை எடுக்கக் கை நீட்டினேன். விரல்கள் தாமாகவே அதைச் சுற்றி மூடிக்கொண்டன. கையை விரித்தேன், மடக்கினேன், மறுபடியும் விரித்தேன். வலி இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் எங்கோ தூரத்தில் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கத்தியிருப்பேன். அந்தச் சந்தோஷம் தொண்டைக்கு வருவதற்குள் சாமந்தித் தோட்டம் கண்ணில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன். சீப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

“எப்படி இருக்கு கை?”

“அப்படியேதான் இருக்கு.”

அவர் ம் என்றார். எனக்கு வலிக்கக்கூடாது என்று சிக்கை நுனியிலிருந்து மெதுவாக எடுத்தார். அன்றைக்கு அந்த மெதுவைத் தாங்க முடியாமல் இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு என் கையை நானே திருட்டுத்தனமாக அனுபவித்தேன். அவர் மீன் வாங்கப் போனால் நான் ஆரஞ்சு உரிப்பேன். கச்சான் கடலை உடைப்பேன். துண்டை நனைத்து முறுக்கிப் பிழிந்து காயப்போடுவேன். தோலையெல்லாம் பூனை மாதிரி மணலில் புதைத்துவிட்டு, கையைச் சுருட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு நோயாளியாக உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு காலையும் அவர் கேட்டார். ஒவ்வொரு காலையும் அப்படியேதான் என்றேன்.

போர்ட்டிக்சனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கரையில் கடல் நன்றாக உள்வாங்கிக் கிடந்தது. மணல் சிமெண்டுத் தரையாக இறுகியிருந்தது. காற்று அங்கேதான் வருகிறது என்று என் வீட்டுக்காரர் வேனைக் கீழே இறக்கித் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கல் இரண்டையும் வைத்தார். தண்ணீர் ஏறாதா என்று ஒரு வார்த்தை கேட்டேன். ஏறினால் அதற்கு முன்னால் சைரன் அடிப்பார்கள் என்றார்.

சிரிக்கவேண்டாம், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அணைக்குக் கீழே பிழைக்கிறவர்கள் நாங்கள். தண்ணீர் திறக்கிறதென்றால் பள்ளத்தாக்கு முழுவதும் சைரன் கேட்கும். சேற்றுக்குப் பிறகு அந்தச் சத்தத்துக்கு ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டேதான் வேலை செய்வோம், தூங்குவோம். சொல்லாமல் வருகிற தண்ணீர் உண்டென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். காற்று சிலுசிலுவென்று வந்தது. அவர்கூட அயர்ந்துவிட்டார்.

விழித்தபோது சக்கரத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. பதறி இறங்கிய என் வீட்டுக்காரர் முதல் காரியமாகக் கல்லை எடுத்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். சக்கரம் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் தன் போர்வீல் வண்டியைக் கொண்டுவந்து ஈர மணலின் விளிம்பில் நிறுத்திக் கயிற்றை வீசினார். சைரன் கேட்கவில்லையே என்று என் வீட்டுக்காரர் அவரிடம் மலாயில் விசாரித்தார். அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, முதலில் கயிற்றைக் கட்டச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் ஸ்டீரிங்கில். அவர் தன் வண்டியில். மிச்சம் நான். முழங்கால் தண்ணீரில் குனிந்து வேனின் முன்பக்கக் கொக்கியைத் தடவிப் பிடித்தேன். அலை வந்து முகத்தில் அடித்தது. கயிற்றை நுழைத்து, சுற்றி, கொழுந்து மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். லோரியில் தூக்கி எறிந்தாலும் அவிழாது, வேண்டும்போது வாலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் போதும். எத்தனையோ வருஷம் போட்ட முடிச்சு. என்னைக் கேட்காமலே கை போட்டு முடித்துவிட்டது. நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேன் மேலே வந்தது. நனைந்து இறுகிய முடிச்சோடு மல்லாடிய அந்த மலாய்க்காரர், கத்தி எடுக்கப் போனார். எனக்குத்தான் பொறுக்காதே. நகருங்கள் என்று சொல்லிவிட்டு வாலைச் சுண்டினேன். அவிழ்ந்து விழுந்தது. மக்சிக்கு, அதாவது அத்தைக்கு, கை நல்ல பலம் என்று அவர் மலாயில் சொல்லிச் சிரித்தார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் சமாளித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் அவருக்கு நன்றி சொன்னார், வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ரோட்டோரத்துக் கடை ஒன்றில் நிறுத்தி ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் சொன்னார். புடவை ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்றே மனம் ஓடியது.

“ரெண்டாவது நாளே தெரியும்,” என்றார்.

என்ன தெரியும் என்றேன்.

“தூக்கத்துல என் சட்டையப் புடிச்சிருந்த. எழுந்திரிக்கலாம்னு பாத்தா ஒன் கைய பிரிக்க முடியல.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் எனக்குக் கோபம்தான் வரும். தெரிந்துகொண்டே தினம் தினம் எதற்குக் கேட்டீர்கள் என்றேன். நானாகச் சொல்கிறேனா என்று பார்த்தாராம். சொல்லமாட்டேன், கீழேயும் வரமாட்டேன் என்றேன். உங்கள் கழுத்தைக் கண்ணாடியில் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், வந்ததிலிருந்து ஒரு ராத்திரியாவது தூங்கினீர்களா என்று கடைக்காரப் பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பொரிந்து தள்ளினேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“மேல மட்டும் நான் தூங்குனேன்னு யாரு சொன்னா? கை வலியில நீ விடிய விடிய மொனகுவ. ஒனக்கே தெரியாது. அதக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். இங்க வந்துதான் ஒன் சத்தமே இல்ல. அப்படித் தூங்குற. வேர்த்தா வேர்க்குதுன்னு ஒன்னயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன் லா.”

மேலே அவர் தூங்குகிறார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை பொய்யும் சொன்னேன். கடையில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் என் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

ரொட்டி வந்தது. வழக்கம்போல என் தட்டை அவர் பக்கம் இழுத்துப் பிய்க்கப் போனார். தட்டைத் திரும்ப என் பக்கம் நகர்த்தி நானே பிய்த்தேன். சூடு விரலில் பட்டது, நன்றாக இருந்தது. குழம்பில் தோய்த்து முதல் வாயை அவருக்குக் கொடுத்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

“தைப்பூசத்துப் பூவ அறுத்துட்டு எறங்கிடலாம்,” என்றேன்.

அவர் மென்றுகொண்டே தலையை ஆட்டினார். பிறகு கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, ஐஸ் போட்டு இன்னொரு தேத்தண்ணி சொன்னார்.