சிக்னலில் நான் தள்ளிய புது கார்

இன்று தோப்பும்படி சிக்னலில், ஒரு பழுதும் இல்லாத புத்தம்புது காரைப் பின்னாலிருந்து தள்ளினேன். பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

மகள் ரேவதி வாங்க நினைக்கும் சின்ன பெட்ரோல் கார் அது. நான் சரி என்றால்தான் புக் செய்வதாகச் சொல்லியிருந்தாள். பெட்ரோல் வண்டி அவள் சம்பளத்தைக் குடித்துவிடும் என்பது என் கட்சி.

ஓட்டிப் பார்க்கப் போனோம். அவள் ஓட்ட, பக்கத்தில் இருந்த விற்பனையாளர் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர், மூன்று சிலிண்டர் என்று அடுக்கினார். பின்சீட்டில் நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

சிவப்பு விழுந்தது. கார் நின்றது. எஞ்சின் சத்தமும் நின்றது.

நான் வேலைக்குப் போவது மட்டாஞ்சேரி அரிசிக்கடை வேனில். அது ஊமையானால் இறங்கித் தள்ளுவது என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் இறங்கி, கதவைச் சாத்தி, பின்னால் போய்த் தோள் கொடுத்தேன்.

"அப்பா, என்ன செய்றீங்க? ஏறுங்க."

"நீ கியரைப் போடு மோளே, நான் தள்ளுறேன்."

விற்பனையாளர் தலையை நீட்டினார். "சேட்டா, கேடு ஒண்ணும் இல்ல. பெட்ரோல் மிச்சமாகணும்னு எஞ்சின் தானா நிக்கும். கிளட்சை மிதிச்சா ஓடும்."

அதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். கார் என்னை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டது.

பக்கத்து ஆட்டோக்காரர், "நம்ம வண்டிக்கும் ஒரு கை கொடு சேட்டா" என்றார்.

ரேவதி ஓரமாக நிறுத்தி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "இப்ப சொல்லுங்க, வாங்கலாமா?"

"நிக்கும்போது குடிக்காதுன்னா வாங்கிக்கோ."

இப்படித் தள்ளியவர்கள் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அவள் கார் ஓட்டிப் போவதை வெளியே நின்று பார்த்தது எனக்கு இதுதான் முதல்முறை. இன்னும் கொஞ்ச தூரம் போய் நிறுத்தியிருக்கலாம்.