துருவாத் என்றால் வலப்பக்கம்

கடலூர் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது என்பது தினமும் ஒரு கும்பலிடம் மாட்டி, உயிரோடு வீடு வந்து சேருவது. பஸ் முதுகில் மூச்சு விடும், ஆட்டோ விலாவில் இடிக்கும், பைக்கில் போகிறவன் போகிற போக்கில் நம் அம்மாவை விசாரித்துவிட்டுப் போவான். முதலியார்பேட்டையிலிருந்து டவுனில் இருக்கும் தையல் வேலைக்கு என் மனைவி வருடக்கணக்கில் இப்படித்தான் போய்வந்தாள். ஒரு காலையில், ஓரமாக நின்ற காரின் டிரைவர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார். அவள் மணிக்கட்டு ஒடிந்து எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது. தகடு வைத்துத் தைத்தார்கள்.

கட்டுப் பிரித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: மறுபடியும் சைக்கிளில் வேலைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் தொங்க அந்தக் கை ஆகாது. என் பைக்கின் பின்னால் உட்கார அவளுக்கு மனசு ஆகாது.

"ஒங்க முதுக பாத்துக்கினே போறதுக்கு நான் வீட்லயே குந்திக்கிறேன்" என்றாள்.

நான் பெயின்ட் கடையில் வேலை பார்ப்பவன். காலி வாளிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் கான்கிரீட் நிரப்பி, நடுவில் குழாய் நட்டு, ரோட்டோரம் வரிசையாக வைத்தால் சைக்கிளுக்குத் தனிப் பாதை கிடைத்துவிடும் என்று தெருக்காரர்களிடம் சொன்னேன். டிராஃபிக் இன்ஸ்பெக்டர் வாளியையும் என் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பாருங்கள், மதியம் வரை அடிதடி, ரத்தம் எதுவும் இல்லாமல் போனால் வாளிகள் இருக்கட்டும், இல்லையென்றால் தூக்கிவிடுவேன் என்றார். மனைவி அன்றைக்கே சைக்கிளைத் துடைத்து செயினுக்கு எண்ணெய் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் முன்னால் போனேன். தலைவன் என்று என்னை யாரும் சொல்லவில்லை, நானாக ஆகிக்கொண்டேன். எனக்குப் பின்னால் முசியே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரர். மற்ற நேரமெல்லாம் நம்மைப் போலத்தான் பேசுவார். பதற்றம் வந்தால் பிரெஞ்சுதான் வரும். அவருக்குப் பின்னால் தெருவே சைக்கிளில் வந்தது. மனைவி பாதி வழியில், தன் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். மதியம் தாண்டியதும் அவள் ஏறுவதாகப் பேச்சு.

அவள் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் யாரோ வாளிகளை நகர்த்திவிட்டு எங்கள் பாதைக்குள்ளேயே காரை நிறுத்தியிருந்தார். அதன் வலப்பக்கத்தை உரசினாற்போல் கடக்கப் போனேன். டிரைவர் பக்கக் கதவு அசைந்ததை முசியே பார்த்துவிட்டார்.

"அ துருவாத்! துருவாத்!"

வலப்பக்கம் ஒதுங்கு என்று அர்த்தம். ஹாரன் இரைச்சலில் என் காதில் விழுந்தது, "திரும்பாத, திரும்பாத." பட்டாளத்துக்காரர் சொன்னால் காரணம் இருக்கும் என்று ஹேண்டில்பாரை இறுக்கிக்கொண்டு நேராகப் போனேன். வாழ்க்கையில் யார் பேச்சையும் நான் அவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை.

கதவின் விளிம்பு வாயில் இறங்கியது. முன்பற்களில் ஒன்றை விழுங்கினேன், ஒன்றைத் துப்பினேன். மேலுதடு கிழிந்து தொங்கியது.

அதற்குள் டிரைவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். இட்லி வாங்க வந்த மனிதர், கையில் தூக்குவாளிகூட இருந்தது. அதைப் பிடுங்கி அதாலேயே முகத்தில் அடித்தார்கள். செருப்பால் அடித்தார்கள். ஒருவர் கான்கிரீட் சரியாக இறுகாத வாளியிலிருந்து குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "அடிக்காதீங்க" என்று நான் கத்தினேன். பின்பாதியை ரத்தம் விழுங்கிவிட, எல்லோருக்கும் கேட்டது "அடி" மட்டும்தான். நான் கத்தக் கத்த அடி பலமானது. என் ஆணைப்படி அந்த ஆளின் புருவம் பிளந்தது.

மனைவி சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். கீழே கிடந்தவர்மேல் கவிழ்ந்தாள். ஓங்கிய குழாய் அவளுடைய தகடு வைத்த கையில் விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில்தான் கூட்டம் நின்றது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கார் எங்கள்மேல் பாய்ந்தது என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. அப்படியே சொல்லிவிடு, வாளி தப்பிக்கும் என்று முசியேவின் மனைவி என் மனைவியின் காதில் ஓதினாள்.

இவள் கையைத் தாங்கியபடி, "அவுரு கதவதான் தொறந்தாரு சார். அடிச்சது நாங்க" என்றாள்.

மதியத்துக்குள் வாளிகள் லாரி ஏறின. முசியே என் கட்டிலருகே உட்கார்ந்து அன்று முழுக்க "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அதையாவது சரியாகக் கேட்டேன்.

கை வீக்கம் வடிந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை அவள் சைக்கிளை வெளியே எடுத்தாள். ஓரமாகப் போ என்று, காற்று விசிலடிக்கும் வாயால் சொல்லிப் பார்த்தேன்.

"ஓரத்துலதான கதவு தொறக்குது. நான் நடுவுல போறேன்."

நடு ரோட்டில் போனாள். பின்னால் நான், எனக்குப் பின்னால் பஸ். ஹாரன் பிடரியில் அறைந்தது. பைக்கில் வந்த ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லி அவள் கேரியரை உதைத்தான். சைக்கிள் ஆடியது. அவள் காலை ஊன்றாமலே நிமிர்த்தினாள். ரோடு என்ன ஒங்கப்பன் வூட்டுதா என்று பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கேட்டார். அவள் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. டவுன் வரைக்கும் அந்த பஸ் அவள் பின்னாலேயே உருண்டு வந்தது.